வக்கீல் வண்டியின் செப்புக் குழாய்

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலத்து மனுஷங்க தங்கம்" என்று மாலைதோறும் உருகும் என் வயதுக்காரர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். போன வாரம் உங்களில் ஒருவர் பூந்தமல்லி வக்கீலைப் பற்றிப் பேசினார். அவருடைய பச்சை ஸ்போர்ட்ஸ் கார், அதன் பானெட்டின் குறுக்கே கட்டியிருந்த தோல் பட்டை, அது போகிற அழகு, எப்பேர்ப்பட்ட தர்மவான் என்று ஒரே புகழ்ச்சி. நான் எழுந்து வந்துவிட்டேன். அந்தக் காரின் வயிற்றுக்குள் ஓடிய பெட்ரோல் குழாயைச் செய்தவர் என் நைனா, என்னைப் பெற்ற அப்பா. அதற்கு அவருக்குக் கிடைத்தது என்ன என்பதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இனிமேல் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? கேளுங்கள்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். கூப்பன் பெரிய மனிதர்களுக்குத்தான் கிடைக்கும். பஸ்கள் எல்லாம் கரிவாயுவில் ஓடின. முதுகில் ஒரு இரும்புப் பீப்பாயைச் சுமந்துகொண்டு, அதற்குள் கரி கனன்றுகொண்டு, மேடு வந்தால் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்லுமே, அந்த பஸ்தான். அந்த பஸ் கம்பெனியின் பூந்தமல்லி ஷெட்டில் நைனா ஃபிட்டராக இருந்தார். மாலையில் வீட்டுக்கு வந்தால் மூக்குத் துவாரம்வரை கரி இருக்கும். "இது இன்னா இஞ்சினு? அடுப்பு. நம்மள சமையக்காரனா ஆக்கிட்டானுங்க" என்று பொரிந்துகொண்டே குளிப்பார். பெட்ரோல் வண்டியில் கை வைக்க அவருக்கு அவ்வளவு ஆசை.

வக்கீலின் கார் அப்போதே பழசு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி பட்டாளத்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். பிள்ளைகள் நாங்கள் அதைத் தவளை வண்டி என்போம். காலையில் பட்டணத்துக்குச் சீறிக்கொண்டு போகும். மத்தியான வெயிலில் திரும்பும்போது காட்டுப்பாக்கத்தில் இருமும், விக்கும், நின்றுவிடும். வக்கீல் கறுப்புக் கோட்டோடு புளியமரத்தடியில் நிற்பார். களை எடுக்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி தானாகக் கிளம்பும். மவுண்ட் ரோடு கம்பெனிக்காரர்கள் கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள்.

கடைசியில் நைனாவுக்கு ஆள் வந்தது. அன்று பள்ளிக்கூடம் விட்டு நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன், கூடவே போனேன். வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. எல்லோரும் செய்வதுபோல் நைனா பானெட்டைத் திறக்கவில்லை. மல்லாந்து படுத்து அடியில் போனார். வெளியே வந்து சட்டையைத் தட்டினார்.

"ஐயா, கார்புரேட்டருல ஒண்ணும் இல்ல. பின்னால டாங்கிலேர்ந்து வர பைப்பு, பொகக் கொழாய ஒட்டிகினு வருது. பெட்ரோலு வழியிலயே கொதிச்சி ஆவியா பூடுது. ஆவிய குட்சிட்டு இஞ்சின் எப்டி ஓடும்?"

"மவுண்ட் ரோடுல வெள்ளைக்காரன் கண்டுபிடிக்காததை நீ கண்டுபிடிச்சிட்டியா?"

"பைப்ப தொட்டு பாருங்க ஐயா."

வக்கீல் குனிந்து தொட்டார். வெடுக்கென்று விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

வேலை ஆரம்பித்தது. வக்கீல் வீட்டு மாட்டு வண்டிக் கொட்டகையில், மாலை வேளைகளிலும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த பிறகும் நைனா வேலை செய்தார். நான் சோற்றுத் தூக்கோடு போவேன், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பழைய குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார். அது மெல்லிசு. முனைகளை ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கி அந்தப் பற்றெல்லாம் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. இனி ஈயமே கூடாது, எல்லா மூட்டும் பித்தளை நட்டு போட்டு முடுக்க வேண்டும், குழாய் இன்னும் கொஞ்சம் பருமனாக இருக்க வேண்டும், புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும் என்பது நைனாவின் தீர்மானம். சூடு படுகிற ஒரே ஓர் இடத்தில் நெருப்பு தாங்குகிற கல்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்.

அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல், சுட்ட செம்பு, பழைய வைக்கோல் மூன்றும் கலந்த வாசனை. வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க அதற்குள் மணலை நிரப்பி, இரண்டு பக்கமும் மரத்தக்கையை அடிப்பார். செம்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். இரும்பை முக்கினால் விறைக்கும், செம்பை முக்கினால் இளகும். அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். பிறகு முனையைப் புனல்போல் விரிப்பார். அதற்கென்று கடைசல்காரரிடம் சொல்லி ஒரு இரும்புக் கூம்பு செய்துவைத்திருந்தார், என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். அதை வைத்து மெல்ல மெல்லத் தட்டுவார். ஒரு ஓரம் கீறினாலும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். முடுக்கிய பிறகு ஒவ்வொரு மூட்டையும் சோப்பு நுரை தடவி ஊதிப் பார்ப்பார். அந்தக் கூம்பு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியவில்லை.

இதற்கு நடுவில் வக்கீல் வந்து நிற்பார். பித்தளை நட்டெல்லாம் பானெட்டைத் திறந்தவுடன் பளபளவென்று தெரிகிற பக்கமாக ஓடட்டும் என்றார். "அந்த பக்கம்தான் ஐயா சூடு. அந்த பக்கம் உட்டா மறுபடியும் காட்டுப்பாக்கத்துல நிக்க வேண்டியதுதான்" என்றார் நைனா. கொட்டகையில் வக்கீலின் குமாஸ்தா இருந்தார், மாட்டுக்காரர் இருந்தார். அத்தனை பேர் முன்னால் ஒரு ஃபிட்டர் மாட்டேன் என்று சொன்னது வக்கீலுக்குப் பிடிக்கவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நான் நல்ல சிரிப்பு என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு, மண்டை பிளக்கிற வெயிலில், செம்பரம்பாக்கம் ஏரிக்கரைவரை ஓட்டிப் பார்த்தார்கள். வக்கீல் ஓட்டினார், பக்கத்தில் நைனா. போகும்போதும் நிற்கவில்லை, வரும்போதும் நிற்கவில்லை. நைனா இறங்கியபோது முகமெல்லாம் புழுதி, அதில் பல் மட்டும் வெள்ளை. அவரை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பா உண்டு. பின் டாங்கிலிருந்து வருகிற பெட்ரோலை அது இழுத்து வைத்துக்கொண்டு கார்புரேட்டருக்கு இறக்கும். டப்பாவின் அடியில் ஒரு திருகு, அதை மூடினால் பெட்ரோல் இறங்காது. திருகுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வளைந்து கொடுக்கிற குழாய்தான் போட வேண்டும், இஞ்சின் ஆடும் அல்லவா? இருந்தது பழைய துணி பின்னிய குழாய். அது அன்றைய ஓட்டத்திலேயே முனை பிளந்துவிட்டது. நைனா அதை அறுத்தெடுத்துவிட்டு, பெட்ரோலுக்கென்றே செய்த புதுக் குழாய் வேண்டும் என்றார். மவுண்ட் ரோட்டில் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது, பத்து நாள் ஆகும் என்று பதில் வந்தது.

ஆயுத பூஜைக்கு இருந்ததோ மூன்றே நாள். பூஜை முடிந்ததும் வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நகர வேண்டும். ஊரையே கூப்பிட்டாகிவிட்டது. வக்கீல் தன் மச்சினருடைய மருந்துக்கடையிலிருந்து ஒரு சிவப்பு ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார். எனிமா கொடுக்கிற குழாய். ஆமாம், சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

"ஐயா, பெட்ரோலு ரப்பர தின்னுடும். ஊறி ஊதிக்கும், நழுவிடும்."

"ஒரே ஒரு நாள்தானேப்பா. வண்டி நாலடி நகரணும், அவ்வளவுதான்."

நைனா தலையைச் சொறிந்தார். மாட்டினார். என் கோபத்தில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கீறிய செம்பை அறுத்தெறியத் தெரிந்த மனிதர், அந்தக் குழாயையும் தூக்கி அந்த ஆள் முன்னாலேயே எறிந்திருக்க வேண்டும். செய்யவில்லை. கம்பி சுற்றி இறுக்கிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணி பாத்த ஒடனே இந்த திருக மூடிடணும் ஐயா. தொறந்து மட்டும் வெக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கேட்டேன். குமாஸ்தாவும் கேட்டார். பூஜைக்கு முந்தின சாயங்காலம் வக்கீல் சிநேகிதர்களைக் கூட்டிவந்து இஞ்சினை உறுமவிட்டுக் காட்டினார். பிறகு டிபன் சாப்பிடப் போய்விட்டார். திருகை யார் மூடினார்கள்? யாரும் மூடவில்லை.

நாங்கள் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்கள். ஆனால் ஷெட்டில் ஒவ்வொரு வருஷமும் நைனாவின் ஸ்பேனர்களுக்கும் சந்தனப் பொட்டு உண்டு, வீட்டுக்குப் பொரி கடலை உண்டு. அன்று காலையும் அந்தப் பூஜையில் நின்றுவிட்டுத்தான், பொரியை என் பாவாடை மடியில் கொட்டி, வக்கீல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கூட்டம் நெரிந்தது. வண்டிக்கு மாலை போட்டு, இரண்டு விளக்கிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இஞ்சினுக்கும் ஆரத்தி காட்ட வேண்டும் என்று பானெட்டின் இரண்டு இறக்கையையும் தூக்கி வைத்திருந்தார்கள். வக்கீல் பட்டு வேட்டியில், கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

வாசலிலேயே நைனா நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"ஐயா! கற்பூரம் ஏத்தாதீங்க!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். பிறகு ஒரு மூலையில் யாரோ, "வேதக்காரன் புத்தியைக் காட்டுறான் பாரு" என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வக்கீலின் முகம் சிவந்தது. "உங்க கோயில்ல நீங்க மெழுகுவத்தி ஏத்தலியா? என் வீட்டு வாசல்ல நான் கற்பூரம் காட்டக்கூடாதா? நல்ல நாள்ல அபசகுனமா வாயைத் திறக்காதே."

"அத்துக்கு சொல்லல ஐயா, பெட்ரோலு வாசன..."

மணியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நைனா முன்னால் போகப் பார்த்தார். இரண்டு பேர் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். சாமி கும்பிடுவதைக் கெடுக்க வருகிறான் என்றே நினைத்தார்கள், ஒருவர்கூட வேறு மாதிரி நினைக்கவில்லை. படித்தவர்கள் நிறைந்த கூட்டம் அது. கோர்ட்டில் மணிக்கணக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறவர், இந்த மனிதர் எதற்காகச் சொல்கிறார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

தட்டு இஞ்சினுக்கு நேராக ஒரு சுற்றுதான் சுற்றியது. பொப்பென்று ஒரு சத்தம். முதலில் நீலமாக, பிறகு மஞ்சளாக, ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது. இரவெல்லாம் சொட்டிய பெட்ரோல் இஞ்சின் அடித்தட்டில் குளமாக நின்றிருந்தது. தட்டைப் போட்டுவிட்டு வக்கீல் ஓடினார். தோளைப் பிடித்திருந்தவர்கள் ஓடினார்கள். எல்லோரும் வெளியே ஓட, நைனா ஒருவர் மட்டும் உள்ளே ஓடினார். மாட்டுத் தொட்டியில் கிடந்த கோணியை ஈரத்தோடு இழுத்து மேலே போட்டார். வலது கையை நெருப்புக்குள் விட்டு அந்தத் திருகை மூடினார். மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினார். அணைந்துவிட்டது. வண்டி பிழைத்தது. நைனாவின் உள்ளங்கைத் தோல் திருகிலேயே ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிவப்புக் குழாய், ரத்தம் குடித்த அட்டை மாதிரி ஊதிப்போய், ஒரு முனை கழன்று தொங்கியது. நைனா அதைக் காட்ட வாயைத் திறப்பதற்குள் வக்கீல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "குழாய் மூட்டெல்லாம் முடுக்காம விட்டுட்டான். மனசுல வேற எண்ணம் வெச்சுக்கிட்டு வேலை செஞ்சிருக்கான்." குமாஸ்தா குனிந்து அந்தக் குழாயை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து வக்கீல் கூப்பிட்டனுப்பினார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதவேண்டுமாம். வண்டியின் சொந்தக்காரரே கண்ட குழாயை மாட்டச் சொல்லி, அதன் மேல் கற்பூரமும் காட்டினார் என்று தெரிந்தால் அவர்கள் ஒன்றும் தரமாட்டார்கள். ஃபிட்டர் தப்பு என்றால் தருவார்கள். நைனா வேலை பார்த்த பஸ் கம்பெனிக்கும் அவர்தான் வக்கீல். வந்த ஆள் இன்னொன்றும் சொன்னார், படிக்கத் தெரிந்த பெண்ணையும் கூட்டிவர வேண்டுமாம்.

"போவாத" என்றார் அம்மா. இடுப்பில் தம்பி அழுதுகொண்டிருந்தான். "போனா எய்தி வாங்கிக்குவான். நெருப்பு வெச்சவன் அவன், கைய உட்டு அணைச்சவன் நீ. நடந்தத நாலு பேரு முன்னால சொல்லுய்யா. உனக்கின்னா வாயில்லியா?"

"சொன்னா ஷெட்டுல இருக்க உடுவானா? இந்த கைய வெச்சிகினு வேற எங்க போயி நான் வேல கேப்பேன்?"

"உம் பேரு பூடும்யா. முடுக்கத் தெரியாதவன்னு ஊரு பேசும்."

நைனா கிளம்பிவிட்டார். கன்னியாஸ்திரிகள் கட்டிவிட்ட கட்டோடு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூடத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். வக்கீல் என்னை வரச் சொன்னதில் எனக்குப் பெருமை, அந்தக் கண்ராவியையும் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் அன்று மிகவும் அன்பாக இருந்தார். நைனாவை முக்காலியில் உட்காரச் சொன்னார். படிக்கத் தெரியாதவரிடம் கை நாட்டு வாங்கினால், அவருடைய சொந்த மனுஷரே படித்துக் காட்ட வேண்டும், பின்னால் ஏமாற்றி வாங்கினார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள் என்றார். முத்திரைக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். குமாஸ்தாவின் எழுத்து மணிமணியாக இருந்தது.

நான் எழுந்து நின்று படித்தேன். "மேற்படி மோட்டார் வண்டியின் பெட்ரோல் குழாய் மூட்டுகளை நான் சரிவர முடுக்காமல் கவனக்குறைவாக விட்டபடியால் தீப்பற்றியதென்றும், இதில் வண்டிக்குடையவர்பேரில் யாதொரு பிசகும் இல்லையென்றும், என் மகள் படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று சம்மதித்து..." வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்தபடி, கால் புள்ளிக்குக் கொஞ்சம், முற்றுப் புள்ளிக்கு நிறைய என்று நிறுத்தி நிறுத்திப் படித்தேன். "பலே! பூந்தமல்லி கோர்ட்டுல இப்படிப் படிக்க ஆள் இல்லை" என்றார் வக்கீல். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கைப் பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். கீழே என் பெயரையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

இன்ஷூரன்ஸ் பணம் வந்தது, வண்டிக்குப் புதுப் பச்சை அடித்தார்கள். பத்து நாளில் மவுண்ட் ரோட்டிலிருந்து சரியான குழாயும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் அந்தக் கார் காட்டுப்பாக்கத்தில் நின்றதில்லை. நீங்கள் வாயைப் பிளந்து பார்த்த அந்த ஓட்டம் என் நைனா போட்ட செம்பில் ஓடிய ஓட்டம். மவுண்ட் ரோடு கம்பெனிக்காரன் செய்தது என்று வக்கீல் எல்லோரிடமும் சொன்னார். நைனாவுக்கு வேலை போகவில்லை, அது உண்மை. ஆனால் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் பின்னால் கரி கிளறுகிற வேலைக்கு அனுப்பினார்கள். அவரை நம்பி ஒருவரும் ஒரு நட்டை முடுக்கச் சொல்லவில்லை, சாகும்வரை. இவர்தான் உங்கள் தர்மவான்.

அன்று வக்கீல் வீட்டிலிருந்து திரும்பும்போது பாதி வழியில் நைனா நின்றார். "ஒரு எய்த்து கூட தடுமாறல. நல்லா படிச்ச கண்ணு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா, அம்மா, நான்தான் படித்தேன், வக்கீலே பலே என்றார் என்று குதித்தேன். இன்னா படிச்சே, சொல்லு என்றார் அம்மா. கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஞாபகத்தில் இருந்ததை ராகம் மாறாமல் ஒப்பித்தேன். அம்மா முடியும்வரை கேட்டார். என்னை அடிக்கவில்லை. என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"நீ அங்கதானடி இருந்த? அந்தாளு சொல்லி ரப்பர மாட்னத பாத்த. அந்தாளு கற்பூரம் காட்னத பாத்த. நைனா வேணாம் வேணாம்னு கத்தனத கேட்ட. அத்தெல்லாம் ஏண்டி நீ படிக்கல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன கேள்வி என்று அம்மாவைப் பார்த்தேன்.

"அத்து அந்த காயிதத்துல எய்தலியேம்மா" என்றேன்.